சாவியை அணைத்தும் நிற்காத பிக்கப்: பெட்ரோலை இறக்கி டீசல் ஏற்றிய வண்டியின் வயரிங்

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா காலத்து மஹிந்திரா பிக்கப். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை மூட்டை கட்டி, விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்குகிற வண்டி. பெட்ரோல் இன்ஜின் கைவிட்டுவிட்டதால், பிரித்துப் போட்ட ஒரு ஜீப்பிலிருந்து 2112 சிசி பூஜோ டீசலை வாங்கி ஏற்றியிருக்கிறார். இன்ஜின் நன்றாக உட்கார்ந்துவிட்டது, கியர்பாக்ஸ் சேர்ந்துவிட்டது. வயரிங்தான் படுத்துகிறது.

அவர் சொன்னது சுருக்கமாக இது. சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்பதில்லை. கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டுத்தான் நிறுத்துகிறார். ஸ்டார்ட் பண்ணும்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. அலுத்துப்போய் சாவியை விடுகிற அந்த நொடியில் சிலசமயம் பிடித்துக்கொள்கிறது. மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டுத் திரும்ப எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும், செல்ஃப் சுற்றுவதே இல்லை. இதெல்லாம் போக, ஆக்சிலேட்டர் கேபிள் சூடாகி இறுகிவிடுகிறதாம். டேஷ்போர்டில் சார்ஜ் லைட் எரிவதே இல்லை. வயரிங் செய்தவர் 'டீசல் பம்ப்பை இறக்கிப் பார்க்கணும்' என்று சொல்லிவிட்டாராம்.

பம்ப்பைத் தொடாதீர்கள் தம்பி. நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட பம்ப்பின் கோளாறு இல்லை. முதல் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒரே ஒரு வயர். பழைய பெட்ரோல் இன்ஜினில், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வயர் அது. இன்ஜினை மாற்றியவர்கள் அதை அப்படியே இழுத்து டீசல் பம்ப்பில் மாட்டியிருக்கிறார்கள். 'டக்' சத்தம், கேபிள் சூடு இரண்டிலும் எர்த்துக்கு, அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழிக்கு, பங்கு உண்டு.

பெட்ரோல் இன்ஜினை நிறுத்துவது என்றால் பொறியை நிறுத்துவது. சாவியைத் திருப்பினால் காயிலுக்கு மின்சாரம் போகாது, பிளக்கில் பொறி வராது, இன்ஜின் நின்றுவிடும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அதனால் டீசல் இன்ஜினை நிறுத்த வேண்டுமானால் எண்ணெயை நிறுத்த வேண்டும். பழைய பம்ப்களில் அதற்கு ஒரு இழுப்புக் கேபிள் இருக்கும். டேஷ்போர்டில் குமிழைப் பிடித்து இழுத்தால் வண்டி நிற்கும். உங்களுடையதில் பம்ப்பின் மேல் ஒற்றை வயர் போகிற ஒரு சொலினாய்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மின்சாரம் இருக்கும்வரை அதற்குள்ளிருக்கும் ஊசி மேலே இழுக்கப்பட்டு எண்ணெய்க்கு வழிவிடும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளி வழியை அடைத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. சாவியை அணைத்தும் வண்டி ஓடுகிறது என்றால், எங்கிருந்தோ அந்தச் சொலினாய்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கிருந்து? ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவியிலிருந்து.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். உங்கள் பழைய இன்ஜினோடு இருந்தது டைனமோவாக இருந்திருக்கும், பக்கத்தில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒரு கட்-அவுட் பெட்டியோடு. புது இன்ஜினோடு வந்திருப்பது ஆல்டர்னேட்டர். அதன் பின்னால் ஒரு தடித்த போல்ட் இருக்கும், அது பி பிளஸ். பேட்டரிக்குப் போகிற சார்ஜ் அதில் வரும். பக்கத்தில் ஒரு சின்ன முனை, டி பிளஸ் என்றோ எல் என்றோ போட்டிருக்கும். இந்தச் சின்ன முனைக்கும் சாவிக்கும் நடுவில் சார்ஜ் லைட் பல்பு இருக்க வேண்டும். சாவியைப் போட்டதும் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகப் போய் ஆல்டர்னேட்டரின் உள்சுருளைத் தட்டி எழுப்பும். பல்பு எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் உண்டாக்கி டி பிளஸ்ஸிலும் 14 வோல்ட் வைத்துவிடும். இரண்டு ஏரிக்கு நடுவே ஒரு கால்வாய் இருக்கிறது, இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் கால்வாயில் ஓட்டம் நின்றுவிடும் இல்லையா? அதே கதைதான். பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட், பல்பு அணைந்துவிடும்.

உங்கள் வண்டியில் அந்தப் பல்பு எரிவதில்லை. பல்பு பீஸ் போயிருந்ததோ, ஹோல்டர் கிடைக்கவில்லையோ, டி பிளஸ் வயரைக் கொண்டுபோய் நேரடியாக அந்தப் பழைய காயில் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். சொலினாய்டும் அதே வயரில்தான் இருக்கிறது. இப்போது சாவியை அணைத்தால் என்ன ஆகும் பாருங்கள். சாவியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுவிடும். ஆனால் ஓடுகிற ஆல்டர்னேட்டர் டி பிளஸ் வழியாக அதே வயருக்கு 14 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். சொலினாய்டு திறந்தே இருக்கும். இன்ஜின் ஓடும், ஓடுகிற இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றும். கழுத்தைப் பிடித்து நிறுத்தினால்தான் உண்டு, நீங்கள் கிளட்சை விட்டு நிறுத்துகிற மாதிரி.

உறுதிப்படுத்திக்கொள்ளப் பத்து நொடி போதும். வண்டியை நியூட்ரலில் ஓட விட்டு, சாவியை அணையுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே ஆல்டர்னேட்டரின் அந்தச் சின்ன முனை வயரை மட்டும் பிடுங்குங்கள். நான் சொல்வது சரியென்றால் இன்ஜின் உடனே நின்றுவிடும். லுங்கியோடு பானெட்டுக்குள் குனியாதீர்கள், ஃபேன் பெல்ட் பக்கத்திலேயே ஓடுகிறது. இன்னொன்று, பிடுங்குவது சின்ன வயரை மட்டும்தான். இன்ஜின் ஓடும்போது பி பிளஸ்ஸையோ பேட்டரி முனையையோ கழற்றினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். 'பேட்டரியைக் கழற்றிப் பார், ஆல்டர்னேட்டர் நல்லா இருந்தால் வண்டி ஓடும்' என்று ஒரு சோதனை இன்னும் பட்டறைகளில் நடக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் செய்யவே கூடாது.

இப்படி நேரடியாக இணைத்ததில் இன்னொரு கெடுதலும் உண்டு. சாவியைப் போட்டு இன்ஜினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தால் ஆல்டர்னேட்டர் சுருளுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் சும்மா போய்க்கொண்டிருக்கும், பேட்டரி இறங்கும். நடுவில் பல்பு இருந்தால் கால் ஆம்பியருக்கு மேல் போகாது.

இரண்டாவது தொல்லைக்கு வருவோம். செல்ஃப் சுற்றும்போது பிடிக்காமல், சாவியை விடும்போது பிடிக்கிறது. இதைக் கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் இதே வியாதியோடு ஒரு தோல் மண்டிக்காரரின் ஜீப் என்னிடம் வந்திருக்கிறது. அவர் அதற்குள் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்.

உங்கள் புது இக்னிஷன் சுவிட்சின் பின்னால் நான்கு முனைகள் இருக்கும். ஒன்று பேட்டரியிலிருந்து வருவது. ஒன்று செல்ஃபுக்குப் போவது. மீதி இரண்டில் ஒன்று ஐஜிஎன், இன்னொன்று ஏசிசி. சாவியைப் போட்டால் இரண்டிலும் 12 வோல்ட் வரும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் ஸ்டார்ட் நிலையில்தான். சாவியை முழுக்கத் திருப்பிச் செல்ஃப் அடிக்கும்போது, பேட்டரியின் பலமெல்லாம் செல்ஃபுக்கே போகட்டும் என்று ஏசிசி முனை தானாக அணைந்துவிடும். ரேடியோ, வைப்பர் போன்றவற்றுக்கான முனை அது. ஐஜிஎன் மட்டும் உயிரோடு இருக்கும். சொலினாய்டுக்குப் போகிற அந்தப் பழைய காயில் வயரின் மறுமுனை உங்கள் வண்டியில் ஏசிசியில் மாட்டியிருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது சொலினாய்டு மூடிக்கொள்கிறது, எண்ணெய் போவதில்லை. சாவியை விட்டதும் ஏசிசிக்கு உயிர் வந்து சொலினாய்டு திறக்கிறது. இன்ஜின் இன்னும் அரைச் சுற்று வேகத்தோடு இருந்தால் பிடித்துக்கொள்கிறது, இல்லையென்றால் இல்லை.

எது ஐஜிஎன் என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வேண்டாம். இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒரு ஹோல்டரில் போட்டு இரண்டு வயர் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை எர்த்தில். மற்றதைச் சுவிட்சின் முனையில் வைத்துக்கொண்டு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்பு கொஞ்சம் மங்கினாலும் எரிந்துகொண்டே இருந்தால் அது ஐஜிஎன். செல்ஃப் அடிக்கும்போது முழுக்க அணைந்தால் அது ஏசிசி.

ஏன் மீட்டரை விட்டுப் பல்பைச் சொல்கிறேன் என்றால், மீட்டர் வோல்ட்டைப் பார்க்க மின்சாரமே இழுக்காது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒற்றை இழையில் தொங்குகிற வயரிலும் மீட்டர் 12 என்றே காட்டும். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். உங்கள் சொலினாய்டும் ஏறக்குறைய அவ்வளவுதான் இழுக்கிறது. பல்பு பளிச்சென்று எரிந்தால் சொலினாய்டும் வேலை செய்யும். பல்பு சோகையாக எரிந்தால் அந்த வயரை நம்பாதீர்கள். நான் மீட்டரை எடுப்பது பல்பு பதில் சொல்லாத இடத்தில்தான்.

பழைய வயரிங்கைச் சரிசெய்து பயனில்லை என்பது என் கருத்து. சிலர் ஒவ்வொரு வயராகத் தேடி, ஒட்டுப்போட்டு ஓட்டுவார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய வயர் கத்திரி வெயிலில் வெந்து, மேல்தோல் அப்பளமாக நொறுங்குகிற நிலையில் இருக்கும். நடுநடுவே வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரை வேறு போட்டிருப்பார்கள். வண்டி அதிர்வில் அது உள்ளுக்குள்ளேயே ஒடியும், வெளியே தெரியாது. நிறத்தை நம்பவும் முடியாது. சிவப்பில் ஆரம்பித்த வயர் டேஷ்போர்டுக்குள் போய்ப் பச்சையாக வெளியே வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஹெட்லைட், இண்டிகேட்டர் வயரிங் ஓடுகிறதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இன்ஜின் சம்பந்தப்பட்டதை மட்டும் முழுக்க அறுத்தெடுத்து ஐந்து வயர் புதிதாக இழுங்கள். டீசல் ஜீப்புக்கு ஐந்து வயருக்கு மேல் தேவையே இல்லை, ஹீட்டர் பிளக் தவிர.

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். முதல் வயர் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து சாவிக்கு, 4 சதுர மில்லிமீட்டர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃப்யூஸோடு. ஃப்யூஸ் டேஷ்போர்டுக்கு உள்ளே இருந்தால் நடுவழியில் வயர் உரசி ஷார்ட்டானால் காப்பாற்ற ஆளில்லை. இரண்டாவது, ஐஜிஎன் முனையிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகச் சொலினாய்டுக்கு. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். இதில் வேறெதையும் சேர்க்காதீர்கள். ஹாரன், வைப்பர், மொபைல் சார்ஜர் எதுவும் வேண்டாம். மாட்டி முடித்ததும் சாவியைப் போட்டு அணைத்துப் பாருங்கள்; பம்ப்பில் 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்க வேண்டும். பக்கத்தில் லாரி போகாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், அவ்வளவு மெல்லிய சத்தம்.

மூன்றாவது சார்ஜ் லைட். ஐஜிஎன் முனையிலிருந்து 12 வோல்ட் 2 அல்லது 3 வாட் பல்பு, அங்கிருந்து டி பிளஸ். எல்இடி போடாதீர்கள். கடைக்காரர் 'இது ரொம்ப நாள் வரும்' என்று கொடுப்பார். ஆனால் எல்இடி வழியாகப் போகிற மின்சாரம் ஆல்டர்னேட்டரை எழுப்பப் போதாது. வேகமாக முறுக்கினால்தான் சார்ஜ் ஏறும், அல்லது ஏறாமலே இருக்கும். 2 வாட் பல்பு நடுவில் இருந்தாலே சாவியை அணைத்தும் ஓடுகிற உங்கள் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணக்குப் போட்டால் தெரியும்: எரிகிற 2 வாட் பல்பின் தடை 72 ஓம், சொலினாய்டின் தடை 8, 9 ஓம் அளவு. 14 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட்தான் சொலினாய்டுக்கு மிஞ்சும், ஊசியைப் பிடித்து வைக்க அது போதாது.

இருந்தாலும் நான் ஒரு டையோடும் சேர்த்து வைத்துவிடுவேன். 1என்5408 என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், 3 ஆம்பியர் தாங்கும், ஒரு டீ விலைகூட ஆகாது. அது மின்சாரத்தை ஒரு பக்கம்தான் விடும். உடம்பில் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். அந்தக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் இதைத் திருப்பி வைத்துவிட்டேன். சார்ஜ் லைட் எரியவில்லை, நானும் கவனிக்கவில்லை. வண்டிக்காரர் பேரணாம்பட்டுப் பக்கம் போய், ராத்திரியில் ஹெட்லைட் மங்கி, வழியில் நின்றுவிட்டார். போனில் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து சாவியைப் போட்டதும் சிவப்பு லைட் எரிகிறதா, இன்ஜின் ஓடியதும் அணைகிறதா என்று பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை.

நான்காவது, செல்ஃப். இதில்தான் உங்கள் 'டக்' இருக்கிறது. செல்ஃப் மேலிருக்கும் பெரிய சொலினாய்டு இழுக்கிற நொடியில் முப்பது நாற்பது ஆம்பியர் கேட்கும். அதைச் சாவி வழியாகக் கொடுத்தால் சாவிக்குள்ளிருக்கும் பித்தளைத் தகடு கருகிக்கொண்டே வரும். காலையில் எல்லாம் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒப்பேற்றிவிடும். மார்க்கெட்டில் இன்ஜின் சூட்டில் வெந்த பிறகு செப்புச் சுருளின் தடை கூடும், சாவியில் இழக்கிற வோல்ட்டும் சேர்ந்துகொள்ளும், சொலினாய்டு அரைகுறையாக இழுத்து 'டக்' என்று நின்றுவிடும். ஒரு ரிலே போடுங்கள், சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது. ஹாரனுக்குப் போடுகிற அதே 12 வோல்ட் 40 ஆம்பியர் ரிலே. ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: சாவியின் ஸ்டார்ட் முனை 86-க்கு, 85 எர்த்துக்கு, பேட்டரியிலிருந்து 30-க்கு, 87-லிருந்து செல்ஃபின் சின்ன முனைக்கு. 30-க்கும் 87-க்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர். இனி சாவிக்குக் கால் ஆம்பியர் வேலைதான். ரிலேயைத் தண்ணீர் படாத இடத்தில், வயர்கள் கீழ்நோக்கித் தொங்குகிற மாதிரி மாட்டுங்கள். மேல்நோக்கி வைத்தால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

ஐந்தாவது, ஆல்டர்னேட்டரின் பி பிளஸ்ஸிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கு 10 சதுர மில்லிமீட்டர். பழைய கட்-அவுட் பெட்டி இன்னும் இன்ஜின் அறைச் சுவரில் தொங்குகிறதென்றால் அதிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், ஆல்டர்னேட்டருக்கு அது தேவையில்லை. டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதன் வழியாகவும் சார்ஜைக் கொண்டுபோகாதீர்கள். டைனமோவின் சொற்ப ஆம்பியருக்குச் செய்த மீட்டர் அது. வேண்டுமானால் ஒரு வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஓடும்போது 14 ஒட்டிக் காட்டினால் போதும்.

ஹீட்டர் பிளக். உங்கள் பூஜோ இன்ஜினில் நான்கு உண்டு. நான்கும் சேர்ந்து 40 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதனால் 70 ஆம்பியர் தாங்கும் தனி ரிலே, 6 சதுர மில்லிமீட்டர் வயர், டேஷ்போர்டில் ஒரு அழுத்து பட்டன். சித்திரையில் தேவைப்படாது. மார்கழி விடியலில், ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து நான்கு மணிக்குக் கிளம்புகிறவருக்கு எட்டு, பத்து நொடி அழுத்தினால் செல்ஃபையும் பேட்டரியையும் காப்பாற்றும். பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்ரோல் வண்டியின் பழைய சின்ன பேட்டரியையே வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். டீசலின் அழுத்தத்தைச் சுற்ற 80 ஆம்பியர்-அவராவது வேண்டும்.

இப்போது ஆக்சிலேட்டர் கேபிள். கேபிள் ஏன் சூடாகிறது என்று நீங்கள் கேட்டபோது அதை ஒரு சின்ன விஷயமாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. பேட்டரியின் எர்த் சேஸிஸில் இருக்கிறது. செல்ஃப் இழுக்கிற இருநூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு எப்படித் திரும்பும்? அதற்காகத்தான் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு பின்னல் பட்டை இருக்கும். பழைய இன்ஜினை இறக்கும்போது அதைக் கழற்றியிருப்பார்கள், புதியதை ஏற்றும்போது மறந்திருப்பார்கள். எல்லா இன்ஜின் மாற்றத்திலும் மறக்கப்படுவது இந்தப் பட்டைதான். வழி கிடைக்காத மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் நைலான் குழாய் உருகி, கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. இறுகுவது அதனால்தான். கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. ஓடும்போது ஆக்சிலேட்டர் திறந்த நிலையில் இறுகினால், சாவியை அணைத்தாலும் நிற்காத வண்டியில் உட்கார்ந்திருப்பீர்கள். பட்டையைப் போடும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

பேட்டரி எர்த் கேபிளை நேராகக் கியர்பாக்ஸ் போல்ட்டிலோ இன்ஜின் பிளாக்கிலோ கொண்டுவந்து மாட்டுங்கள், 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். அங்கிருந்து சேஸிஸுக்கு ஒரு பின்னல் பட்டை, சேஸிஸிலிருந்து பாடிக்கு இன்னொன்று. மாட்டும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு மாட்டுங்கள், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இங்கே மட்டும் மீட்டரை எடுக்கலாம்: ஒரு முனை பேட்டரி மைனஸில், மறு முனை இன்ஜின் பிளாக்கில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. இப்போது உங்கள் வண்டியில் பார்த்தால் ஒன்றுக்கு மேல் காட்டும் என்று நினைக்கிறேன். உங்கள் 'டக்'கில் பாதி இதிலேயே போய்விடும். ஆக்சிலேட்டர் கேபிளையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

வயரைச் சேர்க்கும்போது முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கம் வேண்டாம். லக் போட்டு, கிரிம்ப் பிளையரால் அழுத்தி, மேலே சுருங்கும் குழாய். வேலூர் வெயிலில் பிவிசி டேப்பின் கோந்து மே மாதத்துக்குள் உருகி ஒழுகிவிடும், அப்புறம் கை வைத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். வயர்களை மடிப்புக் குழாய்க்குள் விடுங்கள். வைக்கோல் போர் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறவர் நீங்கள், எலிக்கும் அது கொஞ்சம் தடை.

டீசலுக்குப் போகாமல், ஒரு பெட்ரோல் இன்ஜினை எடுத்து வேறு பெட்ரோல் இன்ஜின் ஏற்றியவர்களும் இதே மாதிரிக் கேட்கிறார்கள். ஐஜிஎன்-ஏசிசி குழப்பமும், சாவியை அணைத்தும் ஆல்டர்னேட்டர் இன்ஜினை ஓட்டுவதும் அங்கேயும் உண்டு. கூடுதலாக அங்கே காயில் பொருத்தம் பார்க்க வேண்டும். காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே 3 ஓம் ஒட்டிக் காட்டினால் அது நேராக 12 வோல்ட்டுக்கானது. ஒன்றரை ஓம் காட்டினால் அது பீங்கான் ரெசிஸ்டரோடு சேர்த்து ஓட வேண்டிய காயில். ஒன்றரை ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் 8 ஆம்பியர் ஓடி, பாயின்ட் கருகி, காயில் எண்ணெய் கக்கும். 3 ஓம் காயிலை ரெசிஸ்டர் வழியாக மாட்டினால் பொறி சோகையாக வந்து, மேட்டில் லோடோடு ஏறும்போது இருமும். பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் அதன் மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் வேண்டும், ரெசிஸ்டர் வழியாகக் கொடுக்கக் கூடாது. அந்த மாட்யூல் மிகக் கொஞ்சமாகவே இழுப்பதால் 2 வாட் பல்பு வழியாக வருகிற மின்சாரமே அதை ஓட்டிவிடும். அங்கே டையோடு கட்டாயம். பிளக் வயர் மாட்டும்போது 1-3-4-2 என்பது பெரும்பாலான நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பொறி விழும் வரிசைதான், ஆனால் புது இன்ஜினின் ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். பழைய இன்ஜின் ஞாபகத்தில் மாட்டிக் கார்புரேட்டர் வழியாகத் தீ வந்த வண்டிகள் உண்டு.

தம்பி, காகித விஷயம் ஒன்று. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் பெட்ரோல் என்பதும் இருக்கும், வண்டியில் இரண்டுமே மாறிவிட்டன. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரம், தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து வேறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் வாங்கிய ரசீதோடு ஆர்டிஓ அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் எர்த் பட்டையைப் போட்டுவிட்டு, அப்புறம் டி பிளஸ் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். இன்ஜின் நின்றதா இல்லையா என்பதையும், செல்ஃப் அடிக்கும்போது பிளாக்கில் எத்தனை வோல்ட் காட்டியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஹீட்டர் பிளக்கின் அறுகோணத் தலையில் வோல்ட் பொறித்திருக்கும், அதையும் துடைத்துப் பார்த்துச் சொன்னால் ரிலே வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்கிறேன்.